மொத டெஸ்க்டாப் வாங்குனவங்களுக்கு: எத எங்க மாட்டணும், எது எங்கேர்ந்து வந்துச்சு

டெஸ்க்டாப் வாங்கியாச்சு, டப்பாவெல்லாம் பிரிச்சாச்சு, தரையில ஒரு கட்டு ஒயர் கிடக்கு, எத எங்க சொருகுறதுன்னு மட்டும் தெரியல. பக்கத்து வீட்டுப் பையன் காலேஜ் விட்டு வரட்டும்னு உக்காந்திருக்க வேணாம், நீங்களே மாட்டிடலாம், புது செட்டா இருந்தாலும் சரி, ரிச்சி ஸ்ட்ரீட்ல எடுத்த செகண்ட் ஹேண்டா இருந்தாலும் சரி, வேலை ஒண்ணுதான். நடுநடுவுல ஒவ்வொரு சாமானும் எங்க பொறந்துச்சு, யாரு பண்ணாங்கன்னும் சொல்லிட்டே வரேன். அது சும்மா பொது அறிவுக்காக இல்ல. ஷிஃப்ட் கீ எதுக்கு ரெண்டு பக்கமும் இருக்கு, கண்ணாடி டேபிள்ல மவுஸ் ஏன் தடுமாறுது, இங்க் பிரிண்டர் சும்மா கிடந்தா ஏன் அடைச்சுக்குது, எல்லாத்துக்கும் பதில் அது பொறந்த விதத்துலதான் இருக்கு.

மொதல்ல இன்புட், அவுட்புட் எதுன்னு பாத்துருவோம், ரெண்டே வரிதான். நாம கம்ப்யூட்டர்கிட்ட சொல்றதுக்கு இருக்குறது இன்புட்: கீபோர்டு, மவுஸ், மைக், ஸ்கேனர், வெப்கேம். அது நமக்குத் திருப்பிச் சொல்றதுக்கு இருக்குறது அவுட்புட்: மானிட்டர், ஸ்பீக்கர், பிரிண்டர். டச் ஸ்கிரீன் ரெண்டு கட்சியிலயும் இருக்கும். பென் டிரைவ் ரெண்டுலயும் சேராது, அது சேத்து வைக்கிற சாமான், ஸ்கூல் பரீட்சையில மாத்தி எழுதிட்டு வர்றவங்க நெறைய பேரு. அப்புறம் அந்தப் பெரிய பொட்டி இருக்கே, அத ஊரே சிபியுன்னுதான் சொல்லுது, நிஜ சிபியு உள்ள இருக்குற சின்ன சிப்புதான், பொட்டி வெறும் கேபினெட். அதுக்காக கடைக்காரர்கிட்ட போய் திருத்திட்டு இருக்காதீங்க.

கீபோர்டும் ஸ்கிரீனும் வர்றதுக்கு முன்னாடி ஓட்ட போட்ட அட்டைதான் இன்புட். 1890ல அமெரிக்காவுல மக்கள்தொகை கணக்கெடுப்பு நடந்தப்போ ஹெர்மன் ஹாலரித்ங்கிறவரு ஒவ்வொரு ஆளோட விவரத்தையும் அட்டையில ஓட்டையா போட்டு மெஷின வச்சு எண்ணினாரு, அவரோட கம்பெனி வேற சில கம்பெனிகளோட சேந்து பின்னாடி ஐபிஎம்னு ஆச்சு. அட்டை அடுக்கு கைதவறி கீழ விழுந்து வரிசை கலைஞ்சா அன்னிக்கு வேலை அவ்ளோதான். நமக்கு அந்தக் கஷ்டம் இல்ல, ஒயருக்குப் போவோம்.

மானிட்டர்லேர்ந்து ஆரம்பிங்க

சுவிட்சு எல்லாம் ஆஃப்ல இருக்கட்டும். மானிட்டருக்கு ரெண்டு ஒயர், ஒண்ணு பவர், இன்னொண்ணு படம். படத்துக்கான ஒயர் இப்ப பெரும்பாலும் எச்டிஎம்ஐயா இருக்கும், தட்டையா ரெண்டு மூலை சரிவா வெட்டுன மாதிரி. பழைய மானிட்டர்னா நீலக் கலர் விஜிஏ, மூணு வரிசையில 15 ஊசி, ரெண்டு பக்கமும் திருகு. ஊசி வளைஞ்சிருக்கான்னு பாத்துட்டு சொருகுங்க, போகலன்னா அமுக்காதீங்க, திருப்பிப் பாருங்க. திருகையும் லேசா முறுக்கி விட்டுருங்க, இல்லன்னா நாலு நாள்ல லூசாகி ஸ்கிரீன் மஞ்சளாவோ பச்சையாவோ தெரியும், மானிட்டரே போச்சுன்னு நெனச்சு கடைக்குத் தூக்கிட்டு ஓடுவீங்க.

இன்னொண்ணு, இதுலதான் புதுசா வர்றவங்க பாதி பேரு மாட்டிக்கிறாங்க. கேபினெட்டுக்குப் பின்னாடி மேல ஒரு எச்டிஎம்ஐ ஓட்டையும் கொஞ்சம் கீழ படுக்கை வாட்டுல இன்னொரு எச்டிஎம்ஐ ஓட்டையும் இருந்தா, உங்க சிஸ்டத்துல தனி கிராபிக்ஸ் கார்டு இருக்குன்னு அர்த்தம். ஒயர கீழ இருக்குற கார்டுலதான் மாட்டணும். மேல மாட்டிட்டு, 'நோ சிக்னல்'னு வருது, புது சிஸ்டமே ரிப்பேர்னு புலம்புறதெல்லாம் வேணாம்.

மானிட்டரோட கதை ஜெர்மன்காரர் ஒருத்தர்கிட்ட ஆரம்பிக்குது. கார்ல் ஃபெர்டினாண்ட் பிரவுன் 1897ல ஒரு கண்ணாடிக் குழாய்க்குள்ள எலக்ட்ரான் கத்தைய அனுப்பி எதிர்ப்பக்கம் ஒளிப்புள்ளியா விழ வச்சாரு. அவரு அத செஞ்சது மின்சார அலைய கண்ணால பாக்குறதுக்கு, டிவிக்கோ கம்ப்யூட்டருக்கோ இல்ல. அந்தக் குழாயோட வாரிசுதான் பின்னாடி தொப்பை வச்ச பழைய மானிட்டர். இப்ப இருக்குற எல்சிடியோட மூலம் அதவிட ஆச்சரியம். 1888ல ஃப்ரீட்ரிக் ரைனிட்சர்ங்கிற தாவரவியல்காரர் கேரட்லேர்ந்து எடுத்த ஒரு பொருள சூடாக்கிப் பாத்துட்டு இருந்தாரு, அது ரெண்டு தடவ உருகுச்சு, ஒரு சூட்டுல கலங்கலா, இன்னொரு சூட்டுல தெளிவா. அந்தக் கலங்கல் நிலைதான் திரவப் படிகம், இங்கிலிஷ்ல லிக்விட் கிரிஸ்டல், எல்சிடியில இருக்குற எல்லும் சியும் அதுதான். அத டிஸ்ப்ளேயா மாத்துறதுக்கு 1960கள்ல அமெரிக்காவுல ஆர்சிஏ கம்பெனி ஆளுங்க வரணும்னு இருந்துச்சு.

எல்சிடியில புள்ளிகள் எண்ணி வச்ச மாதிரி இத்தனைன்னு நிலையா இருக்கும், குழாய் மானிட்டர் மாதிரி இழுத்த இழுப்புக்கு வராது. அதனால சிஸ்டம் ஆன் ஆனதும் டெஸ்க்டாப்ல ரைட் கிளிக் பண்ணி டிஸ்ப்ளே செட்டிங்ஸ் போய் ரெசல்யூஷன்ல 'ரெக்கமென்டட்'னு போட்டிருக்குறதையே வைங்க. எழுத்து சின்னதா தெரிஞ்சா ரெசல்யூஷன குறைக்காதீங்க, மசமசன்னு ஆயிடும், அதுக்கு மேலயே 'ஸ்கேல்'னு இருக்கும், அத 125 ஆக்குங்க. ஸ்கிரீன தொடைக்க கண்ணாடி தொடைக்கிற ஸ்பிரே வேணாம், மூக்குக்கண்ணாடி தொடைக்கிற துணிய லேசா நனைச்சு, ஸ்கிரீன் ஆஃப்ல இருக்கும்போது தொடைங்க.

கீபோர்டு

இது சுலபம், யுஎஸ்பி ஓட்டை எது கெடச்சாலும் சொருகலாம். யுஎஸ்பி 1996ல வந்துச்சு, இன்டெல்ல அந்த வேலைய முன்ன நின்னு செஞ்சவங்கள்ல அஜய் பட்டுன்னு இந்தியாவுல பொறந்த ஒருத்தரும் உண்டு. அதுக்கு முன்னாடி வட்ட ஓட்டை, பிஎஸ்2ன்னு பேரு, ஊதா கீபோர்டுக்கு, பச்சை மவுஸுக்கு. செகண்ட் ஹேண்ட் சிஸ்டத்துல இன்னும் அது இருக்கும். அந்த வட்ட ஓட்டையில சிஸ்டம் ஓடிட்டு இருக்கும்போது கழட்டி மாட்டக் கூடாது, ஆஃப் பண்ணிட்டுதான் மாட்டணும், இல்லன்னா கீபோர்டு செத்த மாதிரி கிடக்கும்.

இப்ப கீபோர்ட நல்லாப் பாருங்க, எழுத்தெல்லாம் ஏன் இப்படி கலைச்சுப் போட்டிருக்கு? அமெரிக்காவுல மில்வாக்கி ஊர்ல கிறிஸ்டோபர் லேதம் ஷோல்ஸ்னு ஒரு பத்திரிகைக்காரர், கூட்டாளிங்களோட சேந்து 1868ல டைப்ரைட்டருக்கு பேட்டன்ட் வாங்குனாரு, அப்புறம் பல வருஷம் எழுத்து வரிசைய மாத்தி மாத்திப் பாத்தாரு. அவரோட மெஷின செஞ்சு 1874ல விற்பனைக்குக் கொண்டு வந்தது ரெமிங்டன், துப்பாக்கியும் தையல் மெஷினும் செஞ்சுட்டு இருந்த கம்பெனி. அதனால மொத மாடல் தையல் மெஷின் ஸ்டாண்டு மேலதான் உக்காந்திருந்துச்சு, அடுத்த வரிக்குப் போகணும்னா காலால மிதிக்கணும். அடிச்ச எழுத்து பேப்பரோட அடிப்பக்கம் விழும், என்ன அடிச்சோம்னு உடனே பாக்கவும் முடியாது. எழுத்துக் கம்பிங்க ஒண்ணோட ஒண்ணு சிக்காம இருக்கத்தான் இந்த குவெர்ட்டி வரிசைன்னு (மேல் எழுத்து வரிசையோட மொத ஆறு எழுத்த சேத்துப் படிச்ச பேரு) எல்லாரும் சொல்லுவாங்க, இல்ல, தந்தி ஆபீஸ் ஆளுங்க மோர்ஸ் கேட்டு அடிக்குற வசதிக்காக மாறுச்சுன்னு ஜப்பான்ல ரெண்டு பேரு ஆராய்ச்சி பண்ணி சொல்லியிருக்காங்க. எனக்கு ரெண்டாவதுதான் நம்புற மாதிரி இருக்கு, ஏன்னா அந்த மெஷின ஆரம்பத்துல அடிச்சுப் பாத்து குறை சொன்னவங்கள்ல தந்திக்காரங்களும் இருந்தாங்க.

மொத மாடல்ல பெரிய எழுத்து மட்டும்தான். 1878ல வந்த ரெமிங்டன் ரெண்டாம் நம்பர்லதான் ஷிஃப்ட் வந்துச்சு, அத அமுக்குனா மெஷினோட ஒரு பாகமே நெசமா நகரும், ஒவ்வொரு கம்பியிலயும் இருக்குற ரெண்டு எழுத்துல இன்னொண்ணு பேப்பர்ல விழும். இன்னிக்கும் அதே வேலைதான்: ஒரு கையால ஷிஃப்ட புடிச்சுகிட்டே இன்னொரு கையால எழுத்த தட்டணும். இடது கை எழுத்துக்கு வலது ஷிஃப்ட், வலது கை எழுத்துக்கு இடது ஷிஃப்ட், ரெண்டு வச்சிருக்குறதே அதுக்குத்தான். கேப்ஸ் லாக்க போட்டு ஒரு எழுத்து அடிச்சு திரும்ப எடுக்குற பழக்கத்த மொத நாளே விட்டுருங்க. பாஸ்வேர்டு தப்புன்னு வந்தா மொதல்ல பாக்க வேண்டியதும் கேப்ஸ் லாக் லைட்டத்தான்.

பவர ஆன் பண்ணி நோட்பேட தெறங்க. கண்ண மூடிகிட்டு நடு வரிசையில விரல ஓட்டுங்க, எஃப் மேலயும் ஜே மேலயும் சின்னதா ஒரு மேடு தட்டும். இடது ஆள்காட்டி விரல் எஃப்ல, வலது ஆள்காட்டி விரல் ஜேல, மத்த விரலெல்லாம் பக்கத்து பக்கத்து கீயில, கட்டைவிரல் ரெண்டும் ஸ்பேஸ் பார் மேல. டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்ல லோயர் ஹையர்னு படிச்ச அக்கா அண்ணன் யாராவது வீட்ல இருந்தா அவங்க கைய பாருங்க, கீபோர்ட பாக்கவே மாட்டாங்க, ஏஎஸ்டிஎஃப்ஜின்னு மாசக்கணக்குல அடிச்சு அடிச்சு வந்த கை அது. நீங்க அவ்ளோ போக வேணாம், ஆனா ஒத்த விரல்ல தேடித் தேடி குத்துற பழக்கம் ஒரு தடவ ஒட்டிக்கிச்சுன்னா போகாது, அதனால மெதுவா இருந்தாலும் பத்து விரல்லயே ஆரம்பிங்க.

வலது பக்க நம்பர் கீ வேலை செய்யலன்னா நம் லாக் ஆஃப்ல இருக்கும், ஒரு தட்டு தட்டுங்க. தப்பா அடிச்சத அழிக்க பேக்ஸ்பேஸ், தப்பா செஞ்சதையே திருப்ப கண்ட்ரோலும் இசட்டும், இது ஒண்ணு தெரிஞ்சா பாதி பயம் போயிடும். காப்பிக்கு கண்ட்ரோல் சி, ஒட்டுறதுக்கு கண்ட்ரோல் வி. இந்த கட், காப்பி, பேஸ்ட் யோசனைய 1970கள்ல ஜெராக்ஸ் கம்பெனியோட பார்க் ஆராய்ச்சிக்கூடத்துல வடிவமாக்குனவங்கள்ல முக்கியமானவரு லாரி டெஸ்லர், 2020ல காலமாயிட்டாரு.

தமிழ்ல அடிக்கணும்னா

247 எழுத்த ஒரு மெஷின்ல எப்படி அடக்குறதுங்கிறது டைப்ரைட்டர் காலத்துலயே வந்த தலைவலி. யாழ்ப்பாணத்துல பொறந்து மலேயா பக்கம் போன ஆர். முத்தையாதான் அத உடைச்சவரு, எழுத்துகள கொம்பு, கொக்கி, கால்னு பிரிச்சு தமிழ் டைப்ரைட்டருக்கு கீபோர்டு வடிவமைச்சாரு. கம்ப்யூட்டர் வந்ததும் ஆளாளுக்கு ஒரு கீபோர்டு, ஆளாளுக்கு ஒரு ஃபான்ட்டுன்னு கொஞ்ச காலம் கூத்துதான். 1999ல சென்னையில நடந்த தமிழ்நெட் மாநாட்டுக்கு அப்புறம் தமிழ்நாடு அரசு தமிழ் 99 கீபோர்ட தரமா அறிவிச்சுது.

விண்டோஸ்ல செட்டிங்ஸ், டைம் அண்ட் லேங்குவேஜ், அதுல தமிழ சேத்துட்டு கீபோர்டுல தமிழ் 99 எடுத்துக்குங்க. விண்டோஸ் கீயும் ஸ்பேஸும் சேத்து அமுக்குனா இங்கிலிஷுக்கும் தமிழுக்கும் மாறும். உயிர் எழுத்து பெரும்பாலும் இடது கைக்கு, மெய் வலது கைக்கு. இப்ப நோட்பேட்ல வரிசையா ஏ, கே, கே, கியூ தட்டுங்க. ஏ தட்டுனா அ வரும், கே தட்டுனா ம, ரெண்டாவது கே தட்டுனதும் மொத ம மேல புள்ளி தானா விழுந்து அம்மன்னு நிக்கும், கியூ தட்டுனா ஆ சேந்து 'அம்மா' ஆயிடும். நாலு தட்டு, அவ்ளோதான். கடைசியில புள்ளி வேணும்னா எஃப். இங்கிலிஷ் எழுத்துல 'அம்மா'ன்னு அடிச்சு தமிழா மாத்துற வழியும் இருக்கு, நெறைய பேரு அதத்தான் பண்றாங்க, தப்பில்ல. தினமும் பக்கம் பக்கமா தமிழ் அடிக்கப் போறீங்கன்னா மட்டும் 99க்கு வந்துருங்க, கை வலி மிச்சம்.

மவுஸ்

யுஎஸ்பியில சொருகுங்க, வேலை முடிஞ்சுது. ஒயர்லெஸ்னா அடியில ஒரு குட்டி ரிசீவர் ஒளிஞ்சிருக்கும், அத எடுத்து சொருகி, பேட்டரி போட்டு, அடியில இருக்குற சுவிட்ச ஆன் பண்ணணும். ரிசீவர எடுக்காமலே டப்பாவ தூக்கிப் போட்டவங்க இருக்காங்க.

மொத மவுஸ் ஒரு மரக்கட்டை. கலிஃபோர்னியாவுல ஸ்டான்ஃபோர்டு ஆராய்ச்சி நிறுவனத்துல டக்ளஸ் எங்கல்பார்ட் யோசன சொல்ல, 1964ல பில் இங்கிலிஷ் செஞ்சு குடுத்தாரு. அடியில ஒண்ணுக்கொண்ணு குறுக்கா ரெண்டு சக்கரம், ஒண்ணு பக்கவாட்டு நகர்வ அளக்க, இன்னொண்ணு மேல கீழ நகர்வ அளக்க, மேல ஒரே ஒரு பட்டன். 1968 டிசம்பர் 9ம் தேதி சான் ஃபிரான்சிஸ்கோவுல ஆயிரம் பேருக்கு முன்னாடி எங்கல்பார்ட் ஒன்றரை மணி நேரம் அத வச்சு செஞ்சு காட்டுனாரு, மவுஸ் மட்டுமில்ல, வீடியோ கால், லிங்க்கு, ரெண்டு பேரு ஒரே டாக்குமென்ட்ல வேல செய்யிறதுன்னு எல்லாம். பேட்டன்ட் 1970ல கெடச்சுது, ஆனா அது நிறுவனத்து பேர்ல, அவருக்கு ராயல்ட்டின்னு ஒண்ணும் வரல. உலகத்துல பாதி கையில இருக்குற சாமானுக்கு இது அநியாயம்தான். அதே 1968ல ஜெர்மனியில டெலிஃபங்கன் கம்பெனி உருண்டை வச்ச மவுஸ கொண்டு வந்துச்சு. மக்கள் கைக்கு மவுஸ் போனது 1984ல மெக்கின்டாஷ் வந்த பெறகுதான்.

சக்கரம் உருண்டையாச்சு, உருண்டை லைட்டாச்சு. உருண்டை மவுஸ் வச்சிருந்தவங்களுக்குத் தெரியும், அடி மூடிய திருகி, உருண்டைய எடுத்து, உள்ள ரோலர்ல ஒட்டியிருக்குற கறுப்பு அழுக்க நகத்தால சுரண்டுறது ஒரு தனி வேலை. இப்ப இருக்குற ஆப்டிகல் மவுஸ் அடியில ஒரு சின்ன கேமரா இருக்கு, செகண்டுக்கு ஆயிரத்துக்கு மேல தரைய படம் புடிச்சு, முந்தின படத்துக்கும் இந்தப் படத்துக்கும் எவ்ளோ நகந்துச்சுன்னு கணக்கு போடுது. கண்ணாடி டேபிள்ல படம் புடிக்க ஒண்ணுமே இல்ல, அதனாலதான் பாயின்ட்டர் பைத்தியம் புடிச்ச மாதிரி குதிக்கும். மவுஸ் பேடு வேணும்னு இல்ல, ஒரு பேப்பர போட்டாலே போதும். அடி ஓட்டையில முடி, தூசி இருந்தா ஊதி விடுங்க.

பழகுறதுக்கு ஒரு வழி சொல்றேன். விண்டோஸ்ல சாலிட்டேர் சீட்டாட்டத்த தெறந்து வெளயாடுங்க, கிளிக் பண்ணி புடிச்சு இழுத்து விடுறது தானா வந்துரும். டபுள் கிளிக் வரலன்னா மவுஸ் செட்டிங்ஸ்ல அதோட வேகத்த குறைங்க, வயசானவங்களுக்கு இத செஞ்சு குடுத்தீங்கன்னா கும்பிடுவாங்க. இடது கைக்காரங்க அதே இடத்துல பட்டன மாத்திக்கலாம்.

சத்தம்

கேபினெட்டுக்குப் பின்னாடி மூணு கலர் ஓட்டை, பச்சை ஸ்பீக்கர் இல்ல ஹெட்போனுக்கு, ரோஸ் மைக்குக்கு, நீலத்த மறந்துருங்க. முன்பக்கம் ஒத்த ஓட்டை இருந்தா மொபைல் ஹெட்செட் அதுலயே மைக்கோட வேல செய்யும். சத்தம் வரலன்னா கீழ வலது மூலையில ஸ்பீக்கர் படத்த தட்டி, எந்த வழியா சத்தம் போகுதுன்னு பாருங்க. எச்டிஎம்ஐல மாட்டுன மானிட்டருக்கே சத்தத்த அனுப்பிட்டு, ஸ்பீக்கரே இல்லாத மானிட்டர் ஊமையா உக்காந்திருக்கும், இதுதான் வழக்கமா நடக்குறது. சின்ன மைக்குங்க பெரும்பாலும் எலக்ட்ரெட் வகை, 1962ல பெல் ஆய்வகத்துல ஜேம்ஸ் வெஸ்ட்டும் கெர்ஹார்டு செஸ்லரும் கண்டுபுடிச்சது, போன்லயும் ஹெட்செட்லயும் ரொம்ப காலம் அதேதான் ஓடுச்சு.

பிரிண்டர்: வாங்குறதுக்கு முன்னாடி படிங்க

மாட்டுறது ஒண்ணும் பெரிய வித்தையில்ல, எத வாங்குறதுங்கிறதுலதான் காசு போகுது. மூணு வகை. டாட் மேட்ரிக்ஸ் ஊசியால ரிப்பன் மேல குத்திக் குத்தி எழுதும், ஊரக் கூட்டுற சத்தம், ஆனா குத்துறதாலயே கார்பன் வச்சு மூணு காப்பி ஒரே நேரத்துல எடுக்கலாம், மொத்தக் கடையிலயும் குடோன்லயும் பில்லு போட அது இன்னும் கிர்ருகிர்ருன்னு ஓடுறதுக்கு அதான் காரணம். வீட்டுக்கு வேணாம்.

இங்க்ஜெட்டோட கதை இது. 1977ல ஜப்பான்ல கேனன் கம்பெனி ஆராய்ச்சிக்கூடத்துல சூடான சால்டரிங் அயர்ன் ஒண்ணு இங்க் இருந்த ஊசிக்குழல் மேல பட்டுச்சு, பட்டதும் ஊசி முனையிலேர்ந்து இங்க் பீச்சிகிட்டு வந்துச்சு. இச்சிரோ எண்டோங்கிறவரு அதப் புடிச்சுகிட்டாரு: இங்க்க சூடாக்கு, குமிழ் வரும், குமிழ் தள்ளும், சொட்டு பேப்பர்ல விழும். சூட்டுல ஓடுற இங்க்ஜெட் எல்லாத்துலயும் இன்னிக்கும் இதேதான் நடக்குது. துவாரம் முடிய விட மெல்லிசு, இங்க் தண்ணியா இருக்கும், ரெண்டு மாசம் சும்மா போட்டா காஞ்சு அடைக்காம என்ன பண்ணும்? அதனால இங்க் பிரிண்டர் வாங்குனீங்கன்னா வாரத்துக்கு ஒரு கலர் பக்கமாவது எடுங்க.

லேசர்ல இங்க்கே இல்ல, டோனர்னு பொடி, அது காயாது. இத உண்டாக்குனவரு கேரி ஸ்டார்க்வெதர், நம்ம தெருமுனை ஜெராக்ஸ் கடைக்குப் பேரு குடுத்த அதே ஜெராக்ஸ் கம்பெனிக்காரர். காப்பி எடுக்குற மெஷின்ல ஒரிஜினல் பேப்பருக்குப் பதிலா லேசர வச்சு நேரா படத்த வரைஞ்சா என்னன்னு கேட்டாரு, மேலதிகாரிக்கு அது புடிக்கல, அவரு 1971ல பார்க்குக்கு மாறிப் போய் செஞ்சு முடிச்சாரு. மாசத்துக்கு நாலு தடவ, அதுவும் கறுப்பு வெள்ளையில அப்ளிகேஷன் எடுக்குற வீட்டுக்கு லேசர்தான் சரி. பிள்ளைங்க புராஜெக்ட்டுக்கு கலர் நெறைய வேணும்னா இங்க் டேங்க், அதாவது பாட்டில்லேர்ந்து இங்க் ஊத்திக்கிற இங்க்ஜெட். ரெண்டும் இல்ல, வருஷத்துக்கு பத்து பக்கம்தான்னா பிரிண்டரே வேணாம், பிரவுசிங் சென்டருக்குப் போங்க.

லேசர யுபிஎஸ்ல மாட்டக் கூடாது. பொடிய பேப்பர்ல உருக்கி ஒட்ட உள்ள ஒரு ரோலர் சூடாகும், அப்ப கரண்ட் சட்டுன்னு இழுக்கும், சின்ன யுபிஎஸ் கீச்சுன்னு கத்திட்டு ஆஃபாயிடும், கூடவே உங்க சிஸ்டமும். அதுக்கு தனியா சுவத்து பிளக். மாட்டுன பெறகு டெஸ்ட் பேஜ் ஒண்ணு எடுங்க, அப்புறம் பேப்பர் சைஸ் ஏ4ல இருக்கான்னு பாருங்க, லெட்டர்னு இருந்தா அது அமெரிக்க சைஸ், ஓரம் வெட்டிப் போகும், இல்லன்னா பிரிண்டர் பேப்பர் கேட்டுகிட்டே நிக்கும்.

ஸ்கேனர், வெப்கேம்

1957ல ரஸ்ஸல் கிர்ஷ்ங்கிற அமெரிக்க இன்ஜினியர் தன்னோட மூணு மாசக் குழந்தையோட போட்டோவ கம்ப்யூட்டருக்குள்ள ஏத்துனாரு, 176க்கு 176 புள்ளி, அதுதான் ஸ்கேன் பண்ணி கம்ப்யூட்டருக்குள்ள போன மொத போட்டோ. இப்ப நாம டிஎன்பிஎஸ்சி அப்ளிகேஷனுக்கு போட்டோவும் கையெழுத்தும் ஏத்துறோம். சர்டிபிகேட்ட கண்ணாடி மேல கவுத்து வச்சு, மூலையில இருக்குற அம்புக்குறிக்கு ஒட்டி தள்ளி, 300 டிபிஐ வச்சு எடுங்க, படிக்கிறதுக்கு அது தாராளம். 1200ல எடுத்தா ஃபைல் பூதமா வளந்து எந்த சைட்டும் வாங்காது. கண்ணாடியில ஒரு கீறலோ ஒயிட்னர் துளியோ இருந்தா எல்லா காப்பியிலயும் அது வரும், மொதல்ல தொடைங்க.

வெப்கேமோட மூதாதை கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்துல 1991ல ஒரு காபி ஜாடியப் பாத்துகிட்டு இருந்துச்சு. வேற மாடியிலேர்ந்து இறங்கி வந்தா ஜாடி காலியா இருக்குதேன்னு கடுப்பான ஆளுங்க, கேமராவ அது மேல திருப்பி வச்சு, சீட்ல உக்காந்தே காபி இருக்கான்னு பாத்துகிட்டாங்க. 1993ல அது இன்டர்நெட்டுக்கு வந்துச்சு, உலகம் பூரா அந்த ஜாடிய வேடிக்க பாத்துச்சு, 2001ல நிறுத்திட்டாங்க. உங்க வெப்கேம யுஎஸ்பியில சொருகி விண்டோஸ்ல கேமரா ஆப்ப தெறங்க, மூஞ்சி தெரிஞ்சா சரி. மூஞ்சி கறுப்பா தெரிஞ்சா ஜன்னல் உங்க முதுகுக்குப் பின்னாடி இருக்கு, சேர திருப்பிப் போடுங்க. கேமரா ஆப்ல தெரியுது, மீட்டிங்ல மட்டும் தெரியலன்னா செட்டிங்ஸ்ல பிரைவசிக்குள்ள கேமரான்னு இருக்கும், அங்க எந்தெந்த ஆப்புக்கு அனுமதி குடுத்திருக்குன்னு பட்டியல் வரும், வேணுங்குறத ஆன் பண்ணுங்க, எதுக்குன்னே தெரியாத ஆப்பு ஏதாவது அதுல ஆன்ல இருந்தா அத ஆஃப் பண்ணிருங்க.